கன்மெட்டல் கியர்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. சேரங்கோடு எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். மரை கழன்ற போல்ட்டைத் திட்டுவேன், அதைச் செய்தவனைத் திட்டுவேன், மழை பிடித்தால் மழையையும் விடமாட்டேன். என் மனைவி பிலோமி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகப் போகும் நேரம் பார்த்து எங்கள் வீட்டு ஷெட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். செத்தவர்கள் பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் சில்வஸ்டர் என்று பெயர் எழுதித் தனி அறை ஒன்று எனக்காகக் காத்திருக்கிறது என்றும், அவள் பின்னால் வந்து அதன் ஜன்னலுக்குத் திரை தைத்துப் போடுவாள் என்றும் கேலி செய்வாள். கடைசியில் அவள்தான் முன்னால் போனாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்களுக்கென்று இருந்தது ஒரு ஜீப்பும், அவளுடைய அண்ணன் பிராங்ளினும்தான்.

ஜீப் எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்தது. அதற்குள் இருந்த எஞ்சின் அதற்குச் சொந்தமானது அல்ல. ஏதோ ஒரு துரை காலத்தில், பழைய அமெரிக்கக் கார் ஒன்றிலிருந்து இறக்கி வைத்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். குடிக்கிற குடிக்கு அதை எப்போதோ விற்றிருக்க வேண்டும். பிலோமிக்கு அதன் சத்தம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதில்தான் போவோம். வழியில் நடந்து போகிற கிழவிகளை எல்லாம் நிறுத்தி ஏற்றிக்கொள்வாள்.

பிராங்ளின் மச்சான் அரவங்காடு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் லேத்தில் இரும்பு கடைகிற டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோக, ஒன்பது வயசுத் தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்தார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஊட்டி, கூடலூர், பந்தலூர் என்று பஸ் மாறி மாறி மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கையில் வர்க்கி பிஸ்கட் பொட்டலம் இருக்கும். என்னை மாப்ள என்பார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் 'நீ' என்று பேசியதில்லை.

அவரிடம் ஒரு குணம் உண்டு. அவர் செய்து கொடுத்த சாமானை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. கல்யாணமான புதிதில், அவர் கடைந்து கொடுத்த புஷ் ஒன்றை அவர் கண்ணெதிரிலேயே வெர்னியரை வைத்து அளந்துவிட்டேன். அளவு மயிரிழை பிசகவில்லை என்பது வேறு விஷயம். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது மாதம், மாப்ள அளந்து முடித்துவிட்டாரா என்று பிலோமியிடம் கேட்டு அனுப்பினார். அதிலிருந்து அண்ணன் கைபட்ட வேலையை அளக்கக் கூடாது, கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. சட்டம் போட்டவள் பிலோமி.

போன வருடம் மழை விட்ட பிறகு எஞ்சினுக்குள் டக்டக்கென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் கேம்ஷாஃப்ட் தேய்ந்து போயிருந்தது. வால்வுகளைத் தூக்கி இறக்குகிற தண்டு அது. கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுத் தேடியும் அந்த எஞ்சினுக்கு ஒன்று கிடைக்கவில்லை. பிலோமிதான் போனில் தேடி, வெளிநாட்டில் யாரோ அதே எஞ்சினுக்குப் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். ஒன்றரை மாதம் கழித்து நீளமான பெட்டியில் வந்து சேர்ந்தது. பளபளவென்று இருந்தது. முழுக்க ஸ்டீல்.

அங்கேதான் தலைவலி ஆரம்பித்தது. கேம்ஷாஃப்டின் நடுவில் ஒரு பல்வரிசை இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கிற சின்ன கியர் அந்தப் பல்லில் பிடித்துக்கொண்டு சுற்றும். அது சுற்றினால்தான் ஆறு சிலிண்டருக்கும் முறை வைத்து ஸ்பார்க் போகும். நின்றால் எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். பழைய கேம் வார்ப்பிரும்பு. அதோடு ஓடிய கியரும் வார்ப்பிரும்பு. இரண்டும் அறுபது வருடம் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடின. இப்போது வந்திருப்பது ஸ்டீல். அதோடு எந்த கியரைச் சேர்ப்பது? பழையதையே போட்டுவிடலாமா என்று பார்த்தேன். பிளாஸ்டிக் மாதிரி ஏதோ கலவையில் செய்தது ஒன்று உண்டு என்று ஒருவர் சொன்னார். ஆளுக்கொரு யோசனை சொன்னார்களே தவிர, யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. பிலோமி அதை வாசலில் உட்கார்ந்து இரண்டு தரம் வாசித்தாள். பிறகு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கரும்பலகையில் எழுதுகிற அதே வட்டமான எழுத்தில் எழுதி, ஷெட்டுச் சுவரில் மைதாப் பசை போட்டு ஒட்டினாள். 'ஸ்டீல் கேமுக்குக் கன்மெட்டல் கியர் மட்டும். எண்ணூறு கிலோமீட்டர் ஓடியதும் கழற்றிப் பல்லைப் பார்க்கவும்.' 'மட்டும்' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

கன்மெட்டல் என்பது வெண்கலம்தான். மெதுவான, கெட்டி இல்லாத உலோகம். இரண்டு ஸ்டீலை ஒன்றோடொன்று உரச விட்டால், இரண்டும் கெட்டியாக இருப்பதால் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் ஒன்று மெதுவாக இருக்க வேண்டும், தேய்வது அதுவாக இருக்க வேண்டும். கியர் தேய்ந்தால் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். கேம் தேய்ந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். எனக்கு அந்தக் காகிதம் சொன்னது நன்றாகப் புரிந்தது. புரிந்தவன் நான் ஒருவன் மட்டும்தான் என்பதுதான் இதில் கொடுமை.

கன்மெட்டல் கியர் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வந்தது. துளை சின்னதாக இருந்தது. குறுக்கே பின் ஆணி அடிக்க ஓட்டையும் போடாமல் வந்திருந்தது. நம்முடைய ஷாஃப்டுக்குத் தகுந்தபடி கடைந்துகொள்ள வேண்டும். அந்த வேலையை மச்சானைத் தவிர யாரிடம் கொடுப்பது? பண்டிகைக்கு வந்தவரிடம் டிஸ்ட்ரிபியூட்டரையும் கியரையும் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவர் கியரைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். சீமையிலிருந்து கேம் வாங்கியதே வேண்டாத வேலை, அதற்கு இந்த வெண்ணெய்க் கட்டி வேறா என்றார்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது மெதுவாகத்தான் இருக்க வேண்டும் மச்சான், காரணம் இது என்று சொல்லியிருந்தால் போதும். முப்பத்தைந்து வருட டர்னருக்கு நான் மெட்டலைப் பற்றிப் பாடம் எடுப்பதா, மறுபடியும் இரண்டு மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்வாரே என்று வாயை மூடிக்கொண்டேன். எதற்கெல்லாமோ திறக்கிற வாய் அன்று பார்த்து மூடிக்கொண்டது.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை அவர் டிஸ்ட்ரிபியூட்டரோடு வந்தார். அன்றைக்கென்று தேயிலை பேக்டரியில் ரோலர் மக்கர் செய்ய, என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். சாயங்காலம் நான் திரும்பி வரும்போது வளைவிலேயே எனக்கு ஜீப்பின் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிலோமி முன் சீட்டில் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவரே மாட்டி, டைமிங்கும் வைத்து முடித்திருந்தார். எஞ்சின் அவ்வளவு அழகாக ஓடியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூன்று பேரும் சேரம்பாடி வரைக்கும் ஒரு சுற்று போய் வந்தோம்.

மார்ச் கடைசியில் ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் திணறியது. ஸ்பார்க் விழுகிற டைமிங் பின்தங்கியிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன், சரியாகிவிட்டது. மே மாதம் மறுபடியும் அப்படியே ஆனது. மறுபடியும் திருப்பி வைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பார்க்கை வெட்டி விடுகிற பாயிண்டுதான் சரியில்லை என்று நினைத்து பாயிண்டைத் திட்டினேன். ஜூனில் மூன்றாவது தடவை. கியர் பல் தேய்ந்தாலும் டைமிங் இப்படித்தான் பின்தங்கும் என்று இந்தத் தடவை எனக்கே மனசு உறுத்தியது. எண்ணூறு கிலோமீட்டர் எப்போதோ தாண்டிவிட்டது. வெளியே எடுத்து கியரைப் பார்த்துவிடுவோம் என்று ஸ்பேனரை வைத்தேன். ஒரே ஒரு போல்ட்தான். பத்து நிமிட வேலை.

டீ கொண்டுவந்த பிலோமி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்க, அண்ணன் போட்டத நோண்டாதீங்க. தெரிஞ்சா மனசு நோவாருங்க."

அவள் எழுதி ஒட்டிய சீட்டு அவள் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீயைக் குடித்தேன்.

ஜூலை இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பாவில் சோறு போட்டுக்கொண்டிருந்த பிலோமி கரண்டியோடு அப்படியே சுவரில் சாய்ந்தாள். நெஞ்சு இறுக்குகிறது என்றாள். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு கூடலூர் பக்கம் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். ஜீப் இருக்கும்போது எதற்குக் காத்திருப்பது? அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தேன். முதல் கிராங்கிலேயே ஸ்டார்ட் ஆனது. கேரளப் பக்கம் பத்தேரி ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடத்தில் போய்விடலாம்.

சேரம்பாடி தாண்டி ஒரு ஏற்றம். பாதி ஏறியதும் எஞ்சின் நின்றது. இருமவில்லை, குலுங்கவில்லை, சுவிட்சை அணைத்தது மாதிரி நின்றது. கிராங்க் செய்தேன், சுற்றியது, பிடிக்கவில்லை. பானெட்டைத் தூக்கி ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். ஸ்பார்க் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டுக் கிராங்க் செய்து பார்த்தேன். எஞ்சின் சுற்றுகிறது, உள்ளே கூடவே சுற்ற வேண்டிய ரோட்டர் அசையவே இல்லை. என்ன ஆயிற்று என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கியர் போய்விட்டது. நடுரோட்டில் அதற்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. போனை எடுத்தால் அந்த இடத்தில் சிக்னலும் இல்லை.

ரோட்டின் இரண்டு பக்கமும் தேயிலை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டி இல்லை. நான் மழையில் நின்று திட்ட ஆரம்பித்தேன். வண்டியைத் திட்டினேன், கேம் செய்தவனைத் திட்டினேன், ஆண்டவரைத் திட்டினேன். பிறகு, "உங்கண்ணன் என்ன எழவ மாட்டி வச்சாரோ" என்று கத்தினேன்.

பிலோமி கண்ணைத் திறந்தாள். என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"அண்ணனத் திட்டாதீங்க," என்றாள்.

அதுதான் கடைசி. பால் கேன் ஏற்றிய பிக்கப் ஒன்று வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அதை ஓட்டி வந்த மலையாளி கேன்களையெல்லாம் ரோட்டோரத்தில் இறக்கி வைத்துவிட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு பறந்தான். அவளுடைய தலை என் மடியில் இருந்தது. எந்த வளைவில் அவள் போனாள் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இருபது நிமிடம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். என்னைக் குற்றம் சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை.

மத்தியானம் மச்சான் வந்தார். டாக்டர் சொன்னதை அவரே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியாக என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டார். இயேசுவே என்றாள் என்று சொன்னேன். 

மறுநாள் கல்லறையில் மண் போட்டு முடித்து எல்லோரும் கலைகிற நேரத்தில் கேட்டருகே என் வழியை மறித்துக்கொண்டு நின்றார். ஒரே ராத்திரியில் பத்து வயசு கூடியிருந்தது அவருக்கு.

"அந்தச் சீமை கேம் வேண்டாம்னு சொன்னேனே. கேட்டியா நீ?"

முதல் தடவையாக 'நீ' என்றார்.  குடையை விரிக்காமலே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். பிறகு ஒரு போன்கூட இல்லை.

ஜீப்பைக் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. பதின்மூன்றாம் நாள் ஸ்பேனரை எடுத்தேன். அதே ஒரு போல்ட். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து மேலே இழுத்தேன். மஞ்சளாக வரவேண்டிய கியர் வெள்ளையாக வந்தது.

ஸ்டீல். அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன், அரம் வழுக்கியது. நெருப்பில் காய்ச்சிக் கெட்டி ஏற்றிய ஸ்டீல். பல்லெல்லாம் கடித்துக் குதறியது போல் இருந்தது. டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். கேமின் பல்வரிசை கத்தி முனையாகத் தேய்ந்து, ஒரு பக்கம் மொழுமொழுவென்று ஆகியிருந்தது. எண்ணெயில் இரும்புத் தூள் மினுமினுத்தது. கியரைத் துடைத்துத் திருப்பினேன். கழுத்துப் பக்கத்தில் ஒரு குட்டிச் சிலுவை. அதன் கீழே பஞ்ச் உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, 'பிலோமி' என்று எழுதியிருந்தது.

கன்மெட்டல் கியர் எங்கே என்று தேடினேன். முன் சீட்டுக்கு அடியில் டூல்ஸ் பெட்டியில், பனியன் துணியில் கிரீஸ் தடவிச் சுற்றி வைத்திருந்தது. புத்தம் புதிது. ஸ்பேராக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார். அவள் அன்று காலை அந்த சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மச்சானுடைய நம்பரைப் போனில் எடுத்தேன். முப்பது வருடமாகச் சேர்த்து வைத்த அத்தனை வசவும் நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பச்சைப் பட்டனை அமுக்க என் விரல் வரவில்லை. அண்ணனத் திட்டாதீங்க என்றாளே. ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அழுது முடித்ததும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இது அவருக்குத் தெரியக் கூடாது. தங்கச்சிக்கு வெண்ணெய்க் கட்டியைப் போட்டு மலையில் அனுப்புவதா என்று கெட்டியாகச் செய்து போட்டிருக்கிறார், பாவி மனிதர். ஆசையாகப் பெயர் எழுதிப் போட்ட சாமான்தான் அவளைக் கொன்றது என்று தெரிந்தால் அவர் உயிரோடு இருக்க மாட்டார். என்மேல் பழி இருக்கட்டும். நானும் யோக்கியன் இல்லை. மூன்று தடவை டைமிங் போயும் கழற்றிப் பார்க்காதவன்.

ஆனால் ஸ்டீல் போட்டது அவருக்குத் தெரியும். என்றைக்காவது கேட்பார். நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவருடைய கியரை நான் ஏப்ரலிலேயே கழற்றிவிட்டுக் கன்மெட்டலைப் போட்டேன், அதுதான் தேய்ந்து போனது என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, காட்டவும் வேண்டும். முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் அந்தப் புத்தம் புது கன்மெட்டல் கியரை வைஸில் கட்டி, பல் பல்லாக அரத்தால் ராவினேன். அந்த எஞ்சினுக்குச் சரியான ஒரே கியர் அதுதான். நான் எத்தனையோ சாமான்களைச் சரிசெய்திருக்கிறேன். நல்ல சாமானை உட்கார்ந்து கெடுத்தது அன்றுதான். மஞ்சள் தூள் மடியெல்லாம் கொட்டியது. பிறகு எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பழைய எஞ்சின் ஆயிலில் ஊற வைத்தேன். ஸ்டீல் கியரை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் எங்கே ஒளித்தாலும் மனசு கேட்கவில்லை.

பூசைக்கு மச்சான் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கல்லறையில் ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்து, வீட்டில் எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்து அனுப்பும் வரை ஒரு மூலையில் நின்றார். ஆட்கள் போனதும் நேராக ஷெட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாப்ள, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுப்போட்டனுங்க. நான் மாட்டுனது கன்மெட்டல் இல்லீங்க. ஸ்டீல்ல வெட்டிக் கெட்டி ஏத்தி மாட்டுனேன்." ஜீப் பானெட்டின் மேல் கையை வைத்தார். "தொறந்து பாத்தீங்களா? அது எப்படி இருந்துச்சுங்க?"

கேட்ட குரலில் அவர் இந்த முப்பது நாளும் எப்படி இருந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்மேல் பழி போட்டுவிட்டுப் போன மனிதர், போன நாளிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் பாடம் செய்து வைத்ததை ஒப்பித்தேன். "உங்குளுது இருந்திருந்தா வண்டி நின்னிருக்காது மச்சான். ஏப்ரல்லயே நான் கழட்டிட்டு கன்மெட்டலப் போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்." ராவிய கியரை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போனார். கியரை மெல்லத் திருப்பினார். ஒவ்வொரு பல்லின் மேலும் கட்டை விரல் நகத்தை ஓட்டினார். முதல் பல், இரண்டாவது பல் என்று கடைசிப் பல் வரைக்கும் ஓட்டினார். வெளியே மழை தூற ஆரம்பித்தது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடித் தேய்ந்த பல் ஒரு பக்கம்தான் தேயும். நான் மடையன், இரண்டு பக்கமும் ராவியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் திரும்பாமலே கேட்டார்.

"எத்தன நேரம் ராவுனீங்க, மாப்ள?"

 முப்பத்தைந்து வருட டர்னரிடம் போய் அரத்தின் கோட்டை மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

"நாலு மணி நேரம், மச்சான்."

அவர் தலையை ஆட்டினார். கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் கியரை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்க்க அவருக்கு நகம் தேவைப்படவில்லை. பெயர் எழுதிய இடத்தை மட்டும் துடைத்தார். பிறகு சுவரில் இருந்த பிலோமியின் சீட்டை நிமிர்ந்து பார்த்தார். மாட்டுகிற அன்றைக்கே அதைப் படித்ததாகச் சொன்னார். விற்கிறவன் அடிக்கடி கியர் விற்பதற்காக எழுதியது என்று நினைத்தாராம். அரவங்காட்டில் தெரிந்தவர் ஒருவருடைய லேத்தில் அவரே கடைந்து, கோயம்புத்தூருக்கு எடுத்துப் போய்ப் பல் வெட்டி, இரண்டு தடவை காய்ச்சினாராம். இங்கே வந்து மாட்டும்போது பிலோமி பக்கத்தில்தான் நின்றாளாம்.

"அவளுக்குக் காட்டுனனுங்க. பேரப் பாத்துச் சிரிச்சா. அவருக்குச் சொல்லாதீங்கண்ணா, தெரிஞ்சா ஒடனே கழட்டிப் போடுவாருன்னு சொன்னா."

 வைஸைப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டவள் அவள். அண்ணனா காகிதமா என்று வந்தபோது அவள் அண்ணனை எடுத்துக்கொண்டாள். கையில் டீயோடு வந்து நோண்டாதீங்க என்று சொன்னது எதற்காக என்று இப்போதுதான் தெரிந்தது. வண்டி நின்ற அந்த நொடியில் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நெசமா என்ன சொன்னா மாப்ள, கடைசியா?"

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சொன்னேன். மழையில் நின்று நான் அவரைத் திட்டியதையும் சொன்னேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னதையும் சொன்னேன். பிராங்ளின் மச்சான் இரண்டு கியரையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழக்கூட இல்லை. அவரைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குள் கொண்டுபோக எனக்கு வெகுநேரம் ஆனது.

அவர் செத்துப்போவார் என்று பயந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் முதல் சனிக்கிழமை மத்தியானம் வருகிறார். வர்க்கி வாங்கி வருவதில்லை. ஷெட்டுக்குள் போவதில்லை. ஜீப் பிரித்தது பிரித்தபடி கிடக்கிறது. பிலோமி எழுதிய சீட்டு சுவரிலேயே இருக்கிறது. கல்லறைக்குப் போய்விட்டு வந்து ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்போம்.

போன சனிக்கிழமை, டீயைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் என்னையே பார்த்தார்.

"ஒரே ஒரு தடவ என்னத் திட்டிருங்க, மாப்ள," என்றார். "உங்குளுக்குப் புண்ணியமாப் போகும்."

அவருக்கு அது தேவை என்று எனக்குத் தெரியும். எனக்கும் தேவை. அவரைத் திட்ட வேண்டும் என்று தோன்றாமல் எனக்கு ஒருநாள்கூட விடிந்ததில்லை. வண்டியைத் திட்டுகிறேன், மழையைத் திட்டுகிறேன், ஒர்க்‌ஷாப்பில் ஒருவரையும் விடுவதில்லை. இந்த ஒரு மனிதரிடம் மட்டும் வாய் திறந்தால் சட்டையை யாரோ பிடித்து இழுக்கிறார்கள்.

டீ ஆறுது மச்சான், குடிங்க என்று மட்டும் சொன்னேன்.